காலி வண்டி எடை

எண்ணூர் கரி யார்டில் எனக்கு எடைமேடை வேலை,
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.
முதலில் காலி வண்டி எடை, பிறகு சரக்கோடு.
கழித்தால் வருவது கரி.
எடை போடும்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது,
அது ஒன்றுதான் சட்டம்.

இடையில் படிக்க ஒரு புத்தகம்.
திருவொற்றியூர் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது.
அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை.
அதனால் சீனத்து மிங் வம்சம் எனக்குப்
பதினேழாம் பக்கத்தில் பிறந்தது,
கையில் திருவோட்டோடு.

பஞ்சத்தில் அப்பன் போய் ஆத்தாள் போய்
புதைக்க ஒரு பிடி மண் சொந்தமில்லாத பையன்.
மொட்டையடித்து மடத்தில் சேர்ந்தான்.
மடத்திலும் கஞ்சி தீர்ந்தது.
தெருத்தெருவாய் ஏந்திய அதே கையால்
நாற்பது வயதில் ராஜமுத்திரை குத்துகிறான்.
அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டேன்.

இரண்டு பக்கம் தள்ளி,
கூட நின்று சண்டை போட்டவர்களின் தலைகளை
வீடு வீடாக எடுக்கிறான்.
போட்ட கோடு போட்டதுதான்.

நடுவில் கொஞ்சம் நல்ல காற்று.
மலை மலையாய்க் கப்பல்கள்
ஒட்டகச்சிவிங்கியை ஏற்றிக்கொண்டு
இந்தக் கடல்களில் போயிருக்கின்றன.
பிறகு செலவு என்றார்கள், பாயைச் சுருட்டினார்கள்.
கப்பல் கணக்கேடுகளையும் காணோமாம்.
எனக்கு ஆச்சரியமில்லை.
ஆடிட்டுக்கு முதல் நாள் இங்கேயும் எலி நிறைய தின்னும்.

கடைசி அத்தியாயத்தில் கொள்ளைநோய், வெட்டுக்கிளி,
வெள்ளிக்காசுத் தட்டுப்பாடு,
நெடுஞ்சுவருக்கு வெளியே குதிரைகள்.
மிச்சம் பிடிக்க அரசன் தபால் சாவடிகளை மூடுகிறான்.
குதிரையில் தபால் கொண்டுபோன ஒருவனுக்கு
வேலை போகிறது.

இந்த இடத்தில்தான் தேசிங்கு கதவைத் தட்டினான்.
கூரியர்காரன். தண்டையார்பேட்டை, மணலி, மீஞ்சூர்
மூன்று கிளையையும் ஒரே வெள்ளிக்கிழமை மூடிவிட்டார்கள்.
பையைத் திருப்பி வாங்கினார்கள், சட்டையை விட்டுவிட்டார்கள்.
முதுகில் கம்பெனி பேரோடு
இப்போது கரி லாரியில் கிளீனர்.
வரிசை நகரும்வரை படித்துக் காட்டினேன்.

வேலை போன தபால்காரன் பட்டினிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு
பதினைந்து வருஷம் கழித்துத் தலைநகருக்குள் நுழைகிறான்.
விடியலில் அரசன் மணி அடிக்கிறான்.
ஒரு மந்திரியும் வரவில்லை.
அரண்மனைக்குப் பின்னால் ஒரு மேடு.
மேட்டில் ஒரு மரம்.
துணைக்கு ஒரே ஒரு வேலையாள்.

“மேட்டுக்குப் பேரு இன்னா?”
கரிமேடு என்று போட்டிருந்தது.

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.
மூன்று மாடி உயரத்துக்கு இந்தோனேசியக் கரி,
தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்,
ஓரத்தில் ஒற்றைப் பூவரசு, இலையெல்லாம் கறுத்து.
தேசிங்கு டீயை ஆறவிட்டான்.

“தபால்காரன் ராஜா ஆனானா?”
ஆனான். மொத்தம் நாற்பது நாள் சொச்சம்.
முடிசூட்டிய மறுநாளே அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டு ஓடினான்.
சுவருக்கு வெளியே நின்றவர்கள்
உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.
“யாரு தொறந்து வுட்டது?”
வாசலைக் காத்தவனேதான்.
“அதானே பார்த்தேன்.”

ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தான்.
“அந்த நாப்பது நாளு,
கூட நடந்து வந்தவனுக்கெல்லாம்
கூலி குட்த்தானா?”
அது இந்தப் புத்தகத்தில் இல்லை.

அவன் லாரி மேடை ஏறியது, காலியாக.
டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்தார்.
தேசிங்கு இறங்கவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் எடைக்கு எடை கரி
கணக்கில் வராமல் கேட்டைத் தாண்டும்,
ஐம்பது கிலோ இருப்பானா?

சிவப்பு எண் கொஞ்சம் ஆடி நின்றது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.