கள்ளச்சாவி

ஷட்டர் பூட்டுக்கு இரண்டு சாவி.
ஒன்று என்னிடம், ஒன்று நொக்குதுலாவிடம்.
தொலைந்தால் பஸ் நிலையத்துச் செருப்புக் கடைக்காரன்
நாற்பது ராண்டுக்கு அரைத்துத் தருவான்,
யார் வீட்டுச் சாவி என்று கேட்கமாட்டான்.

இது அப்படியில்லை.
சுண்டுவிரல் நீளம், பச்சைப் பிளாஸ்டிக்.
கணினியின் முதுகில் செருகி இருக்கும்வரை
எம்பிராய்டரி மென்பொருள் என்னை முதலாளி என்று நம்பும்.
பிடுங்கினால்
நீ யார் என்று கேட்டுத் திரையைச் சாத்திக்கொள்ளும்.

சாட்ஸ்வொர்த்தில் பதினோரு பள்ளிகளின் சட்டைப் பைகளில்
இருக்கிற தீபம், திறந்த புத்தகம்,
கழுத்து சற்றே கோணிப்போன அந்தக் கொக்கு,
எல்லாம் இதன் வழியாகத்தான் ஊசிக்கு இறங்கின.

ஜனவரியில், பள்ளி திறக்க ஒன்பது நாள் இருக்கையில்
கூரையைப் பிரித்து இறங்கினார்கள்.
தையல் இயந்திரம் கனம். விட்டுவிட்டார்கள்.
கணினி போயிற்று, முதுகில் இருந்ததோடு.

இன்ஷூரன்ஸ்காரர் படிவத்தில் எழுதினார்:
கணினி ஆறாயிரம். பிளாஸ்டிக் துண்டு இருநூறு.
ஜோஹன்னஸ்பர்க்கில் எனக்கு விற்றவனோ
மிக மரியாதையாகச் சொன்னான்:
நீங்கள் தொலைத்தது சாவியில்லை மேடம், லைசென்ஸ்.
புதிதாக வாங்கினால் எண்பத்தையாயிரம்.
ரசீது இருக்கிறதே என்றேன்.
இருக்கட்டும், பத்திரமாக வையுங்கள் என்றான்.

கணினி பழுது பார்க்கும் யோகேஸ்பரன்
குரலை இறக்கினான்:
சாவியே கேட்காத ஒரு காப்பி இருக்கு அக்கா. ஐந்நூறு.
இரவெல்லாம் புரண்டேன்.
திருடு போனதற்குத் திருட்டுப் பொருள்,
கணக்கு நேராகத்தான் வந்தது.
சரி என்று சொல்ல ஃபோனை எடுத்ததையும்
மறைக்காமல் எழுதுகிறேன்.
அந்நேரம் மின்வெட்டு. டவர் செத்திருந்தது.
என் நேர்மை அவ்வளவுதான்.

மறுநாள் டாக்ஸி ரேங்க்கில், தரையில் விரித்த துணியில்,
பழைய ரிமோட்டுக்கும் சார்ஜருக்கும் நடுவே
நொக்குதுலா பார்த்தாள் அந்தப் பச்சையை.
விற்ற பையன் அலுத்துக்கொண்டானாம்:
ஒரு பாட்டு இல்லை, ஒரு படம் இல்லை,
கெட்டுப்போன மெமரி ஸ்டிக்.
முப்பது கேட்டான். இருபதுக்கு முடித்தாள்.

எண்பத்தையாயிரம். இருநூறு. இருபது.
ஒருவரும் பொய் சொல்லவில்லை.

இரவல் கணினியில் செருகினேன்.
குட்டி விளக்கு எரிந்தது.
மூன்று நாள் யார் கையில் இருந்தாய்,
எந்தப் பையில் கிடந்தாய்,
எதுவும் விசாரிக்காமல்
முதலாளி என்றது.

இப்போது கடை சாத்தியதும் அதைப் பிடுங்கி
நொக்குதுலாவிடம் கொடுத்துவிடுகிறேன்.
சாப்பாட்டு டப்பாவுக்குள், உப்புப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்
உம்லாஸிக்குப் போய்க் காலையில் திரும்பி வருகிறது.
என் வீடு திருடர்களுக்குத் தெரியும், அதனால் என்று
அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் வராத நாளில் கடை கிடையாது.
முன்பும் அப்படித்தான்.

பிப்ரவரியில் சம்பளம் ஏற்றிக் கேட்டாள்.
முப்பதா இருபதா என்று
நான் பேரம் பேசவில்லை.