பதினான்காம் நாள்

குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா என்று
படிவத்தில் ஒரு கேள்வி.
ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.
திருவாரூர் மருத்துவக் கல்லூரி, மனநலப் பிரிவு.
உள்ளே தம்பி மதியழகன்,
நடுங்கும் விரல்களை மடியில் ஒளித்தபடி.

அப்பா பக்கிரிசாமிக்கு இருந்தது,
சோற்றுக் குண்டானைக் கிணற்றில் எறியும் கோபமும்
மறுநாள் தானே இறங்கி எடுத்துவரும் வெட்கமும்.
தம்பி எறிந்தது கைப்பேசி.
எறிந்த இடம் பாமணியாறு.
மற்றபடி தோளின் சாய்வுகூட அதேதான்.

எனக்கு வேலை நெல்லோடு.
நீடாமங்கலம் பக்கம் சோதனை வயல்.
தொட்டி கட்டி, நாற்றை மூழ்கடித்து,
நாள் எண்ணுவது.
சாதாரண ரகம் மூச்சுமுட்டி
மேலே மேலே நீளும்,
இருப்பதையெல்லாம் செலவழித்துவிட்டு
தண்ணீர் வடிந்ததும் சாயும்.
தாங்கும் ரகம் வளராது. சும்மா இருக்கும்.
அந்த மரபணு தனக்குள் இருப்பது
வெள்ளம் வராத வருஷத்தில்
அதற்கே தெரியாது.
இரண்டும் பச்சை. இரண்டும் ஒரே உயரம்.

பதினான்கு நாள் தாங்கும் என்று
பையில் அச்சடிக்கிறோம்.
அதற்கு மேல் எதுவும் அழுகும்.

தம்பி அந்த வீட்டில் பதினேழு வருஷம் நின்றான்.

என்னை ஆறு வயதில்
கும்பகோணத்துச் சித்தி தூக்கிப்போனாள்.
அங்கே சத்தம் என்றால்
சித்தப்பா சில்லறை எண்ணுவது.
கோபம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு
மகாமகக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்.
நானும் சுற்றப் பழகினேன்.
பொறுமைசாலிப் பொண்ணு என்றார்கள்.
பிறவிக் குணமாம்.

போன ஐப்பசியில், பால் பொங்கி வழிந்ததற்கு
மகளின் முகத்துக்கு நேரே கரண்டியை ஓங்கினேன்.
தோளில் அதே சாய்வு.
நல்லவேளை, வாசலுக்கு வெளியே ஒரு தெரு இருந்தது,
காலுக்குச் செருப்பு இருந்தது.

எங்களில் எவர் தாங்கும் ரகம்?
இவன்தானோ என்னவோ.
பதினேழு வருஷத்துக்குப் பிறகும்
எறிந்தது கைப்பேசியை, ஆளை அல்ல.
நான் மேட்டுப் பாத்தியில் நட்ட நாற்று.
என்னை யாரும் மூழ்கவைத்துப் பார்க்கவில்லை.

நர்ஸ் பேனாவைத் தட்டுகிறாள்.
நெல்லுக்கு என்றால் கேள்வியை
வேறு மாதிரி போட்டிருப்பேன்:
எந்த விதை, எந்த வயல்,
தண்ணீர் எத்தனை நாள் நின்றது,
யாராவது வந்து மடை வெட்டினார்களா.

ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
உறவுமுறை என்ற கோட்டில்
அப்பா என்று எழுதி
ஒரு காற்புள்ளி வைத்து
என் பெயரையும்.