மஞ்சள்

பல் துலக்கும்போது இரத்தம் வந்தது.
தூரிகை புதிது என்று நினைத்தேன்.
தொடையில் நாலைந்து கண்டல்.
கோனிட்ஸிலிருந்து ஒஸ்டர்முண்டிகன்வரை
பத்தாம் இலக்கப் பேருந்தைப்
பதினான்கு வருசம் ஓட்டியவனுக்குக்
காயத்துக்குக் காரணமா கிடைக்காது?

பேர்ணில் பெரியாஸ்பத்திரிக்குத் தீவு என்று பெயர்.
சுற்றிலும் தண்ணீர் இல்லை.
இடுப்பெலும்பில் ஊசி இறக்கி
மச்சையை உறிஞ்சினார்கள்.
உள்ளேயிருந்து யாரோ என்னைக்
கயிறு கட்டி இழுத்ததுபோல் இருந்தது.

முதல் அறிக்கை:
நிறமூர்த்தங்கள் நாற்பத்தாறு.
கூடவில்லை, குறையவில்லை, முறியவில்லை.
வருத்தம் இரத்தப் புற்று,
நிறமூர்த்தம் வழமை.
சுகிர்தா அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்
லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் எடுத்துச் சொன்னாள்.

ஏழு நாள் ஒரு மருந்து, மூன்று நாள் இன்னொன்று.
மூன்று நாள் மருந்துக்குத்
தோடம்பழச் சாற்றின் நிறம். மூத்திரத்துக்கும்.
மயிர் தலையணையோடு தங்கிவிட்டது.
இருபத்தெட்டாம் நாள் மறுபடி ஊசி:
நூற்றுக்குப் பதினெட்டு.
ஐந்துக்குக் கீழே வந்திருக்கவேண்டும்.

ஆய்வுகூடத்தில் சூர்புக் என்றொரு பெண்.
நான் கண்டதில்லை;
அவளுக்கும் நான் ஓர் இலக்கம்தான்.
வழமை என்ற சொல் அவளுக்குச் செமிக்கவில்லையாம்.
ஐந்தாம் நிறமூர்த்தத்தின் நுனியும்
பதினோராவதின் நுனியும் ஒரே சாம்பல்.
இரண்டும் இடம் மாறினாலும்
நுணுக்குக்காட்டி கண்டுபிடிக்காது,
ஒரே சீருடையில் இரண்டு சாரதிகள்
பேருந்தை மாற்றி எடுத்துப் போனதுபோல.
அவள் சிவப்பும் பச்சையும் பூசிப் பார்த்திருக்கிறாள்.

டொக்டர் ஏஷ்லிமன் திரையில் காட்டினார்.
கறுப்பு வானம், ஒளிப்புள்ளிகள்.
சிவப்பும் பச்சையும் ஒட்டியிருந்தால் மஞ்சள்.
மஞ்சள் என்றால் மரபணு முழுசு.
என்னுடையதில் ஒரு மஞ்சள்,
தனியே ஒரு சிவப்பு,
தனியே ஒரு பச்சை.
அபூர்வமான உடைவு, என்றார்.
பச்சையைக் கண்டதும் என் வலது கால்
தன்பாட்டில் அசைந்தது.
முதன்முறையாக
ஒரு பச்சை எனக்குப் போகாதே என்றது.

மருந்து மட்டும் போதாது,
இன்னொருவர் மச்சை வேண்டும்,
பத்துக்குப் பத்து பொருந்தினால் நல்லது, என்றார்.
சிரித்துவிட்டேன்.
அவருக்கு எப்படி விளக்குவது?
சுகிர்தாவுக்கும் எனக்கும் பத்தில் நாலுதான்.
சாத்திரியார் வேண்டாம் என்று எழுந்து போனவர்.
பத்தொன்பது வருசம் ஓடிவிட்டது.

உலகப் பதிவேட்டில் எங்கள் ஆட்கள் குறைவு.
பத்து கிடைக்கவில்லை. ஒன்பதும்.
ஐந்து கிடைத்தது:
பாரிசில் என் தமையன் தயாபரன்.
சீட்டுக்காசில் முறிந்து
ஒன்பது வருசமாய்க் கதை பேச்சில்லை.
சுகிர்தா என்ன சொன்னாளோ,
பாசல் ஸ்டேசனில் வந்து இறங்கினான்,
கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.
ஆஸ்பத்திரி அதை உள்ளே விடவில்லை.

ஐந்து நாள் ஊசி போட்டு எலும்பு நொந்தான்.
ஐந்து மணித்தியாலம்
ஒரு கையால் இரத்தம் போய்
மறு கையால் திரும்பியது.
இடையில் சேர்ந்த பை
தக்காளிச் சொதி மாதிரி இருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் நின்று
காணுமா என்று கேட்டான்.
காசையா, இரத்தத்தையா, தெரியவில்லை.
தலையாட்டினேன்.

பிறகு வாய்ப்புண், காய்ச்சல்,
பெயர் சொல்லாத இரவுகள்.
அவற்றை எழுதப்போவதில்லை.

நூறாம் நாள்:
எண்ணிய கலம் இருநூறிலும் மஞ்சள்.
இரண்டு வருசம் போகட்டும், என்றார் டொக்டர்.
ஓ வகையாய் இருந்த நான்
மெல்ல மெல்லத் தயாபரனின் பி வகை ஆகிறேன்.
அவன் பாரிசுக்குப் போய்விட்டான்.
சீட்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை.

ஓட்ட அனுமதியில்லை.
முகக்கவசத்தோடு பத்தாம் இலக்கத்தில்
பயணியாய் ஏறி முன்னால் இருந்தேன்.
சந்தியில் மஞ்சள் விழுந்தது.
புதுப் பொடியன், பிரேக் பிடிக்கப் பிந்துகிறான்.
ஒன்றுமில்லாத தரையை
என் கால் அழுத்தி மிதித்தது.