ஏழு ஒட்டு

இரங்கல் கூட்டத்துக்கு
மஞ்சக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன்.
முதுநகர் பள்ளிக்கூடத்தில்
புயல் பிய்த்த ஓட்டுக்குப் பதில் நீலத் தகரம்.
தெய்வசிகாமணி சார் படத்துக்கு
எங்கிருந்தோ கறுப்புக் கோட்டுப் போட்டோவைத்
தேடி எடுத்திருந்தார்கள்.

அவரைக் கோட்டோடு நாங்கள் பார்த்ததில்லை.
கோட்டைப் பார்த்திருக்கிறோம்.
ஆண்டுவிழா நாடகத்தில்
டிக்கெட் பரிசோதகராக வந்த இளவழுதி
முழங்கால் வரை தொங்கவிட்டு நடந்தான்.
உள்பையில்
விருத்தாசலம் பஸ் டிக்கெட் ஒன்று இருந்ததாம்.

அவர் வகுப்பில் யார் வேண்டுமானாலும்
எழுந்து ஆட்சேபிக்கலாம்.
"சாட்சி யார்? ஆவணம் எங்கே?"
பானிபட் போருக்குச் சாட்சி கேட்டே
ஒரு பீரியட் போயிருக்கிறது.
அசோகர் மரம் நட்டதைக்
கடைசி பெஞ்சு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.
பாடம் ஒருபோதும் முடிந்ததில்லை.
நாங்கள் தேறினோம்,
எப்படியென்று இன்றும் தெரியவில்லை.

வக்கீல் வேலையை ஏன் சார் விட்டீங்க என்றால்
கேட்கக் கேட்க வேறு வேறு பதில்.
கோட்டு வியர்க்கிறது.
கோர்ட்டு கேன்டீன் வடையில் எண்ணெய்.
ஒரே ஒரு முறை,
"அங்கே யாரும் கை தூக்குவதில்லை."

மைக்கில் எல்லோரும்
அந்தக் கடைசி பதிலைச் சொல்லித்தான் அழுதார்கள்.
நான் பேசவில்லை.

ரயில்வே கேட் பக்கம்
தணிகாசலம் வாடகை சைக்கிள் நிலையம்.
பன்னிரண்டு சைக்கிள், ஒரு பம்பு,
மணிக்கணக்கு எழுதும் சிலேட்டு.
எண்பத்தேழில் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு.
நகல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.
வாதிக்காக: திரு. கா. தெய்வசிகாமணி, பி.ஏ., பி.எல்.
பிரதிவாதிக்காக: எவரும் ஆஜராகவில்லை.

அதனால்தான் அவர் வாத்தியாரானார் என்று
எழுத எனக்கும் ஆசைதான்.
கணக்கு ஒத்துவரவில்லை.
பி.எட். முடித்துப் பள்ளிக்கு வந்தது தொண்ணூற்று நான்கில்.
நடுவில் ஏழு வருடம்
ஜெயித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

முதல் நாள் வருகைப் பதிவில்
"த. பூங்கோதை" என்றவர்
இனிஷியலுக்குத் திரும்பி வந்தார்.
"த என்றால்?"
"தணிகாசலம், சார்."
அடுத்த பெயருக்குப் போகக் கொஞ்சம் நேரமானது.
எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.
சலுகை ஏதுமில்லை.
அரையாண்டில் நாற்பத்தொன்றுதான் போட்டார்.

அந்த வருடம்
அவர் சைக்கிளுக்கு மட்டும்
ஊரில் இல்லாத முள்.
அப்பா அப்போது சோனாங்குப்பம் போகும் வழியில்
கிழிந்த குடையடியில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.
இரண்டு கடைகளைத் தாண்டி
வெயிலில் உருட்டிக்கொண்டு வருவார் சார்.
தண்ணீரில் டியூபை அமுக்கி
குமிழி எங்கே என்று அப்பா பார்ப்பார்.
சாரும் குனிந்து அதையே பார்ப்பார்.
இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.
ஐந்து ரூபாய்த் தாளுக்கு
மூன்று ரூபாய் மீதி, சில்லறையாக,
எண்ணி அவர் உள்ளங்கையில் வைப்பார் அப்பா.

ஒருநாள் நான் எழுந்தேன்.
பாடம் நிலவரியோ குத்தகையோ.
"ஆட்சேபணை, சார்."
சாக்பீஸைக் கீழே வைத்தார்.
காத்திருந்தார்.
எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.
மணி அடித்தது. அவர் நகரவில்லை.
கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்கும்வரை
என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு மெல்லச் சொன்னார்,
"வாய்தா."
வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து சொன்னேன்.
"எப்படிப் போனாராம்?"
"தூக்கத்திலேயே."
அப்பா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு
மல்லாந்து படுத்திருந்தார்.
தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஏழு ஒட்டு அந்த டியூப்ல.
மாத்திடுங்க சார்னு
ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.
முப்பது ரூபாதான் அப்ப."