பின்வீட்டுப் புகைபோக்கி

மேலே எழுபத்தொன்பது சென்டிமீட்டர்.
கீழே எண்பத்தொன்று.
நடுவில், ஏதோ யோசித்ததுபோல், எண்பதே கால்.
ரௌமாவின் பழைய மரவீடுகளுக்குப் போனால்
மூலைமட்டத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடுவேன்,
அதற்கு எதற்கு அவமானம்.
ஏழு ஜன்னல், ஒரு கதவு என்று
எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஹில்க்கா ஒரு மெழுகுவத்தியைப் பற்றவைத்து
என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக
ஒவ்வொரு ஜன்னலுக்கும் கூட்டிப்போனாள்.
ஒவ்வொரு சட்டத்தருகிலும்
சுடர் அறைக்குள் சாய்ந்தது,
ஓரிடத்தில் அணைந்தே போனது.
"இதுதான் என் மனு" என்றாள்.
"அந்த அருங்காட்சியகத்து ஆளிடம் போய்ச் சொல்."

அருங்காட்சியகத்து ஆள் பெக்கரினன்
நல்ல மனிதர்தான்.
தெருவைப் பார்த்த நான்கும் அப்படியே இருக்க வேண்டும்,
சுரண்டலாம், மக்கு வைக்கலாம்,
ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாயம் பூசலாம்,
உட்பக்கம் இன்னொரு கண்ணாடி சேர்க்கலாம்.
முற்றத்துப் பக்கம் மூன்றும் உளுத்துவிட்டன,
புதிதாகச் செய்யலாம், மரத்தில்.
கதவும் புதிதாகலாம்,
கடுகு மஞ்சள் மட்டும் மாறக் கூடாது.
"ஒரு ஜனவரி ராத்திரி அவரை இங்கே படுக்கச் சொல்."
பூனையின் தண்ணீர்க் கிண்ணம் உறைந்த வீடு அது.
இடுக்குகளில் அவள் திணித்திருந்த
கம்பளிக் காலுறைகள்
எல்லாமே ஜோடி தொலைந்தவை.

பின்வீட்டு தௌனோவோடு
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
அவன் புகைபோக்கி இவள் கூரைமேல் சாய்கிறதாம்.
அடுப்படி ஜன்னலில் நின்றால் யாருக்கும் தெரியும்,
நானே பார்த்தேன்:
இடுப்பில் ஒடிந்து,
தலையை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு.
நகராட்சிக்கு ஒன்பது கடிதம்.
இரண்டு பேர் தூக்குக்குண்டோடு வந்தார்கள்,
நூல் பிடித்தார்கள், நேர்தான் என்றார்கள்.
காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து
அவர்களை வளைத்துவிட்டான் என்பது
அவள் கட்சி.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை
அடுப்படி ஜன்னலைக் கழற்றினேன்.
ஆணிகள் துருவாகவே வந்தன.
வாயால் ஊதிச் செய்த காலத்துக் கண்ணாடி,
நடுவில் ஒரு குமிழி, ஓரமாய் ஓர் அலை.
சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினால்
ஹில்க்கா
வெறும் ஓட்டையின் முன் நிற்கிறாள்.

புகைபோக்கி நேராக இருந்தது.

அவள் தலையை இடப்பக்கம் நகர்த்தினாள்.
வலப்பக்கம்.
முட்டியை மடக்கிக் கொஞ்சம் தாழ்ந்தாள்.
செங்கல் மேல் செங்கல், அசையவில்லை.
கடல்காற்று முகத்தில் அடித்தது,
பூனை அலமாரிமேல் ஏறிவிட்டது.
நான் உளியைத் துடைத்தேன்,
துடைத்த உளியை மறுபடி துடைத்தேன்.

முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த தௌனோ
கோடாரியை இறக்கினான்.
"ஜன்னல் மாற்றமா?"
"குளிர்" என்றாள்.
"ஆமாம், இந்த வருஷம் அதிகம்."
அவ்வளவுதான்.
மன்னிப்பு என்று யாரும் எதையும் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால் எனக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

பழைய கண்ணாடியை வழக்கமாகச்
சாக்கில் போட்டு உடைப்பேன்.
"அது வேண்டாம்" என்றாள்.
போர்வையில் சுற்றிப் படுக்கைக்கு அடியில்,
ஒன்பது கடிதங்களின் நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கதவு வந்தது.
நிலை ஒரு பக்கம் தாழ்ந்தது தாழ்ந்ததுதான் என்பதால்
கதவையும் கோணலாகவே செய்யச் சொல்லியிருந்தேன்.
சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்தது.
சத்தமே இல்லாமல் சாத்துவதால்
மூடியதை நம்பாமல்
மூன்று முறை திரும்பி வந்தாள்.

நான் கிளம்பும் முன் மறுபடி மெழுகுவத்தி.
அடுப்படி ஜன்னலருகே பிடித்தாள்.
சுடர் ஊசி மாதிரி நின்றது.
அவள் அதையே பார்த்தாள்,
முதலில் நேராக, பிறகு கண்ணை இடுக்கி,
அதற்கும் யாரோ
காபி கொடுத்திருப்பார்களோ என்பதுபோல்.