பேசாத அழைப்புகளின் கணக்கு

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே
ஓர் அறை, ஒரு தொலைபேசி, இரண்டு நாற்காலி.
வேல்ஸில் ஒரு துறைமுக ஊர். எழுபத்தொன்பது, மார்ச்.
செவ்வாய், வெள்ளி, ஏழிலிருந்து ஒன்பதரை என்று
கையால் எழுதி
சலவை நிலையத்திலும்
நூலகக் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும்
ஒட்டிவிட்டு வந்தார்கள் டெலித்தும் மெரெரிடும்.
தேவாலயப் பலகையில் ஒட்டியதை
மறுநாளே யாரோ கிழித்திருந்தார்கள்.

பதினோரு வாரம் மணி அடிக்கவில்லை.
மெரெரிட் ஒரு ஸ்வெட்டரைப் பின்னி முடித்தாள்,
பிரித்தாள், மறுபடி பின்னினாள்.
"நம்ம ஊர்ல அதெல்லாம் நடக்காதும்மா"
என்றார் கீழே கடைக்காரர்.
நல்ல மனிதர். வாடகையில் பாதியை மறந்துவிடுவார்.

பன்னிரண்டாம் வாரம் அடித்தது.
மூச்சு மட்டும். பின்னால் எங்கோ
கெட்டில் கொதிக்கும் சத்தம்.
"இருக்கிறேன்" என்றாள் டெலித், ஆங்கிலத்தில்.
என்ன தோன்றியதோ, வெல்ஷிலும் சொன்னாள்.
அங்கே மூச்சு இடறியது.
நீல மையில் இன்றும் இருக்கிறது நோட்டில்:
அழைப்பு ஒன்று. பதினான்கு நிமிடம். பேசவில்லை.

நான் சேர்ந்தது எண்பத்தாறில்.
என் பொறுப்பில் விட்டது அலமாரியை.
உடுத்தியிருந்ததைச் சாட்சியம் என்று
காவல் நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.
விடிகாலைப் பேருந்துக்குப் போர்வையோடு நிற்பாள் ஒருத்தி.
ஆகவே எல்லா அளவிலும் உள்ளாடை, காற்சட்டை,
காலுறை, முடி கட்ட ரப்பர் வளையம்.
எல்லாம் புதிது. அதற்காகச் சண்டை போட்டவள்
மீன் ஆலை எய்ர்லிஸ்.
சம்பள நாளில் வாங்கி வந்து
விலைச்சீட்டைப் பல்லால் கடித்தெடுப்பாள்,
"சீட்டு இருந்தா கடன் மாதிரி இருக்கும்."

நகராட்சிப் பணம் வந்தது, படிவத்தோடு.
முடிவு: தீர்ந்தது, தீரவில்லை. ஒன்றில் டிக் செய்க.
எதில் செய்வதென்று ஒரு மதியம் முழுக்கப் பேசினோம்,
காலியாகவே அனுப்பினோம்.
அடுத்த ஆண்டு பணம் நின்றது.
பத்தொன்பது மாதம் தொலைபேசி என் சமையலறையில்.
என் மகன் டோஸ்டைச்
சத்தமில்லாமல் தின்னக் கற்றது அப்போதுதான்.

இப்போது கட்டடம் இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது.
சுவரில் பதிக்கக் கல் செய்கிறார்களாம்,
மொத்த எண் வேண்டும் என்றார் அதிகாரி.
இளையவள் ஹெலெத் நோட்டுகளைக் கூட்டினாள்:
ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
"இதில் பேசாதவை ஆயிரத்துச் சொச்சம். கழித்துவிடட்டுமா?"

காதில் கருவியைத் திருகிக்கொண்டே
எண்பதை நெருங்கும் டெலித் கேட்டாள்:
"மணி அடிச்சுதா?"
அடித்தது.
"எடுத்தோமா?"
ஹெலெத் பென்சிலைக் கீழே வைத்தாள்.

சரிபார்க்க முடியாத எண் கல்லில் கூடாது
என்று பதில் வந்தது.
கல்லில் ஆண்டு மட்டும் இருக்கிறது.
அதன் மேல் மழை பெய்கிறது,
இந்த ஊரில் வேறென்ன செய்யும்.

நேற்றிரவு என் முறை.
இரண்டே காலுக்கு ஓர் அழைப்பு. ஒன்பது நிமிடம்.
ஒரு நாய் குரைத்தது, யாரோ அதட்டினார்கள், கதவு சாத்தியது.
எழுதிவைத்தேன்.
பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன்.
சின்ன அளவுக் காலுறை
தீர்ந்துபோயிருக்கிறது.