நாலாயிரத்துச் சொச்சம்

ஹோர்தோபாஜ் மீன்குளங்களில் நவம்பர் கடைசி.
கார் நிறுத்துமிடத்துக் குப்பைத் தொட்டிமேல்
சாம்பல் போர்த்திய காக்கை ஒன்று:
இன்றைய பட்டியலில் முதல் பறவை.
இல்டிகோவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

பக்கத்துக் குளத்தை வற்றவைத்துக்
கெண்டை பிடிக்கிறார்கள்.
சேற்று வாடை. டிராக்டர் இருமுகிறது.
நாணல் நடுவே மரக் கோபுரம்,
படிகளில் உறைபனி,
கையுறை ஓட்டையில் எட்டிப் பார்க்கும் கட்டைவிரலால்
எண்ணும் கருவியை அமுக்குகிறேன்,
கொக்குக்கு ஒரு டிக்.

மூன்றரைக்கே வெயில் சாய,
அறுத்த மக்காச்சோளக் காடுகளிலிருந்து
வரிவரியாய் வருகின்றன,
கழுத்து நீட்டி, வாய் ஓயாமல்,
கூட்டம் முடிந்து பஸ் தேடும் ஜனங்களைப் போல.
தண்ணீரில் இறங்கியதும் ஒற்றைக்கால்.

"நூறு நூறாய் உத்தேசமாப் போடேன்" என்கிறாள்.
ஒவ்வொன்றாகத்தான் என்று
நானும் ஒற்றைக்காலில் நிற்கிறேன்.

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில்
வெண்வால் கழுகு வந்தது.
வேறொன்றும் செய்யவில்லை,
வந்தது.
குளமே எழுந்து போயிற்று.
காலடியில் பலகை அதிர்ந்தது.
இல்டிகோ சிரித்த சிரிப்பில்
தேநீர்க் குடுவையின் மூடி உருண்டு
நாணலுக்குள் விழுந்தது.
இருட்டில் யார் தேடுவது?

படிவத்தில் எழுதினேன்:
கொக்கு 4312. கழுகு 1.

இரவு, தெப்ரெத்ஸெனில்,
கோட்டைக் கழற்றும்போது பார்த்தால்
கருவியில் 4316.
சாவி இடித்திருக்கும், இல்லை சில்லறை.
ஆனாலும் விளக்கை அணைக்காமல் நிற்கிறேன்.
என் சட்டைப்பை மட்டும் பார்த்த அந்த நான்கும்
இந்நேரம்
எந்தத் தண்ணீரில்?